வெள்ளை டெய்சியும் என் கணக்குக் கொப்பியும்

முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். எதற்கும் கணக்கு எழுதி வைக்கிற பழக்கம். பென்சன் எடுத்த பிறகும் அது மட்டும் பென்சன் எடுக்க மாட்டேன் என்று நிற்கிறது. அலுமாரியில் ஒரு நாற்பது தாள் கொப்பி கிடக்கிறது, மட்டையில் 'டெய்சி' என்று எழுதியிருக்கிறேன். 2024 ஏப்ரலில் தொடங்கி மறு ஏப்ரல் வரைக்கும் அதில் ஏறிய செலவு 44,300 ரூபா. அந்த ஒரு வருடத்தில் கோண்டாவிலில் என் வீட்டு முற்றத்தில் செத்த கன்றுகளை எண்ணினால் இருபதுக்கு மேல் வரும். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தொடங்கும்போது யாராவது ஒருவர் "கொஞ்சம் பொறு ரீச்சர்" என்று சொல்லியிருந்தால் பாதிக் காசும் நிறையக் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். கண்ணீர் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதது உண்மை. இவர் போன பிறகு வீட்டில் நான் தனி. பூக்கன்று செத்துப் போச்சு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆசை பிறந்தது ரொறொன்ரோவில். மகன் வீட்டுக்கு ஒரு கோடை போயிருந்தேன். வீட்டின் பின்பக்க வேலியோரம் வெள்ளை வெளேர் என்று பூக்கள், இடுப்பளவு உயரம், ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காத பருமன், நடுவில் முட்டை மஞ்சள் கரு மாதிரி ஒரு வட்டம். "அம்மா, உதுக்கு நான் ஒண்டும் செய்யிறேல்லை. பனிக்குள்ள செத்துக் கிடக்கும், பிறகு தானா எழும்பும்" என்றான். அந்த ஒரு வசனம்தான் என்னைக் கெடுத்தது. ஆறு மாதம் பனிக்குள் கிடந்து எழும்புகிற பூவுக்கு எங்கட வெயில் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கணிதம் படித்தவளுக்கு வரக்கூடாத தர்க்கப் பிழை அது. பனியைத் தாங்குகிறது என்றால் பனி வேண்டும் என்றும் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. மகன் விதைப் பக்கெற் ஒன்று வாங்கித் தந்தான். அனுமதிப் பத்திரம் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது என்பதால் அவன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தது.

2024 சித்திரைப் புதுவருட விடுமுறையில் பழைய பாடசாலை ஆசிரியைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வான் பிடித்து நுவரெலியா போனோம். ஏப்ரல் என்றால் அங்கே பூக்காலம். சனத்துக்குள் நடக்க இடமில்லை. தெருவோரப் பூங்கன்றுக் கடை ஒன்றில் கறுப்புப் பையில் அதே வெள்ளை டெய்சி. கன்று 350 ரூபா, பன்னிரண்டு வாங்கினேன், 4,200. "யாழ்ப்பாணத்தில வருமோ தம்பி?" என்று கேட்டேன். "எங்கயும் வரும் டீச்சர்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாழ்ப்பாண வெயிலை அவன் கண்டிருக்க மாட்டான். கன்றுகளுக்கு இடம் விட்டதுக்கு வான் ட்ரைவர் 1,500 கேட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் மடியில் இரண்டு பையை வைத்துக்கொண்டு, வவுனியா தாண்டியதும் யன்னலால் வந்த அனல் காற்றுக்குச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவ சிரித்தா, "பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போற மாதிரி."

வீட்டு முன்வளவில் கூலிக்கு ஆள் பிடித்துச் செம்மண்ணைக் கொத்தி, வாழைக்குக் கட்டுகிற மாதிரி வரம்பு கட்டிப் பாத்தி அமைத்தேன். தண்ணீர் ஓடிவிடக் கூடாதே என்ற எண்ணம். முன்வீட்டு மாமியின் மாட்டுக் கொட்டிலில் இருந்து எருவும் எடுத்தேன், ஈரம் காயாத எரு. எல்லாம் சேர்த்து 3,000. நாள் முழுக்க வெயில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நட்டேன், மகன் வீட்டில் அப்படித்தானே நின்றது. முதல் பத்து நாளும் ஒரு குறையும் இல்லை. கொண்டுவந்த மொட்டுகள் ஏழெட்டு விரிந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாமி வந்து, "நல்ல வடிவான செவ்வந்தி, சாமிக்கு வைக்கலாமோ?" என்று கேட்டா. செவ்வந்தி இல்லை மாமி, டெய்சி என்று பெருமையாகத் திருத்தினேன். பிறகு வாசித்துப் பார்த்தால் தாவரவியல்காரர்களே இதை நெடுங்காலம் செவ்வந்திப் பேரினத்துக்குள்தான் வைத்திருந்திருக்கிறார்கள். மாமியிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.

மே மாதம் சோளகம் எழும்பியது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்று கொடியில் போட்ட துணியை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். பதினொரு மணிக்கே கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மணிக்கு மறுபடி தொங்கின, மறுபடி ஊற்றினேன். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம். ஓட்டோத் தம்பி தொடக்கம் பால்காரர் வரை படலையால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், "உதுக்குத் தண்ணி காணாது போல கிடக்கு." நானும் நம்பினேன். மூன்றாம் கிழமை ஒரு கன்றைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தபோது அது கையோடு வந்துவிட்டது. இழுக்கவே இல்லை, சும்மா தூக்கினேன். வேர் கபில நிறம். இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் ஈரக் காகிதம் மாதிரிக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. குளத்துச் சேற்று மணம். அந்தப் பாத்தியில் தண்ணீர் பஞ்சமாக இருக்கவே இல்லை. வேர் அழுகிவிட்டதால் தண்ணீரைக் குடிக்க வாய் இல்லாமல் கன்று வாடியிருக்கிறது. நான் அதற்கு மேலே இன்னும் இன்னும் ஊற்றியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மத்தியானம் வாடுகிற கன்றுக்கு உடனே வாளியைத் தூக்காதீர்கள். சுட்டுவிரலை இரண்டாவது மடிப்பு வரைக்கும் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே குளிர்ச்சியாக ஈரம் தெரிந்தால் வெயிலுக்குத்தான் தலை சாய்க்கிறது, பின்னேரம் தானாக நிமிரும். நிழல் கொடுத்தால் போதும். பின்னேரமும் நிமிராமல், மண்ணும் ஈரமாக இருந்தால் வேரில்தான் வருத்தம். அந்த நேரம் தண்ணீரை நிற்பாட்ட வேண்டும். காய்ந்து உதிராத மாட்டெருவையும் இந்த வகைக் கன்றின் அடியில் போடவே கூடாது, அது மண்ணுக்குள் சூடு வைக்கும். ஒரு வருடம் கிடந்து மண் மாதிரிப் பொலபொலத்த எருவென்றால் சரி.

அப்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. கடையில் போய் அழுகல் என்று சொன்னேன், பங்கசு நாசினி ஒன்று தந்தார்கள், 1,650 ரூபா. அழுகி முடிந்த வேருக்கு அது என்ன செய்யும்? ஜூன் முதல் கிழமைக்குள் பன்னிரண்டும் போய்விட்டன. கடைசிக் கன்றைப் பிடுங்கிய அன்றைக்கு விறாந்தையில் இருந்து அழுதேன். பூவுக்காக மட்டும் அழுதேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. மகன் வீடியோவில் எடுத்து, "எப்பிடி அம்மா உங்கட டெய்சி?" என்று கேட்டான். "நல்லா நிக்குது" என்று பொய் சொன்னேன்.

அன்றிரவு நித்திரை வராமல்தான் முதல் முறையாக இந்தப் பூவைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. இதன் பெயர் சாஸ்தா டெய்சி. சாஸ்தா என்றதும் எனக்கு ஐயனார்தான் ஞாபகம் வந்தார். கோயில் பூவாக்கும் என்று பார்த்தால், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள பனிமலை ஒன்றின் பெயராம். லூதர் பர்பாங்க் என்பவர் ஐரோப்பிய வகைகளையும் ஜப்பானிய வகை ஒன்றையும் கலந்து கலந்து, பதினைந்து வருடத்துக்கு மேல் மினக்கெட்டு உண்டாக்கி 1901 இல் வெளிவிட்ட பூ. பெயரிலேயே பனிமலை இருக்கிறது, நான் அதை யாழ்ப்பாணத்து மே மாத வெயிலில் நட்டிருக்கிறேன். இதில் பல இனங்களுக்கு நன்றாகப் பூக்க ஒரு குளிர்காலம் தேவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், வருடம் முழுக்கக் குளிர். அங்கே அது கேட்காமலே நிற்கும். எங்கள் வளவு கடல் மட்டத்தில் இருந்து ஒரு சில மீற்றர். ஒரு பூங்கன்றை வாங்கும்போது "வருமா" என்று கேட்பதில் பயனில்லை. "இதின்ர தாய்க்கன்று எங்க நிண்டது?" என்று கேளுங்கள். கடைக்காரன் உண்மை சொல்லாவிட்டாலும் அந்தக் கேள்வி உங்களையே யோசிக்க வைக்கும்.

யோசித்தேனா என்றால் இல்லை. அடுத்த ஏமாற்றத்துக்கு நானே காசு கட்டினேன். கைபேசியில் ஒரு விளம்பரம்: 'இராட்சத டெய்சி, எந்தக் காலநிலைக்கும்'. படத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவு பூ, நீலம், ஊதா, ஒன்றில் வானவில் நிறம். கூலியோடு 2,950 ரூபா. பத்து நாளில் சின்னப் பொலித்தீன் பையில் கடுகைவிடச் சின்னக் கறுப்பு விதைகள், பளபளவென்று. விதைத்து நாலாம் நாளே புசுபுசுவென்று முளைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று கிழமையில் மாமி வேலிக்கு மேலால் பார்த்து, "ரீச்சர், கீரைப் பாத்தி நல்லா வந்திருக்கு" என்றா. முளைக்கீரை. பிடுங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து சாப்பிட்டேன். 2,950 ரூபாவுக்கு ஒரு நேரக் கீரை வறை, என் வாழ்க்கையில் சாப்பிட்ட ஆக விலை கூடிய வறை அதுதான். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை, பிறகு அந்தப் பக்கமே காணாமல் போய்விட்டது. இந்த டெய்சியில் நீலப் பூ கிடையாது. வானவில் நிறத்தில் எந்தச் செடியும் பூப்பதில்லை. அப்படிப் படம் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே கைபேசியை வைத்துவிடுங்கள்.

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழா. பின்னேரம் சுவாமி பார்த்துவிட்டு வெளிவீதியால் வந்தால் கச்சான் கடை, ஐஸ்கிறீம் கடை, இடையில் பூங்கன்றுக்காரர். அங்கேதான் இதைக் கண்டேன். தரையோடு ஒட்டிய ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கு, நடுவில் இருந்து இலையில்லாத ஒரு தண்டு, அதன் தலையில் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய டெய்சி. "பாபட்டன்" என்றார் கடைக்காரர். ஜெர்பரா என்று பூச்செண்டுக் கடைக்காரர் சொல்வதும் இதைத்தான். கலியாண வீட்டு மேடையில் குத்தி வைப்பார்களே, அந்தப் பூ. தென்னாபிரிக்காவில் பார்பர்ட்டன் என்ற ஊர்ப்பக்கம் இதன் பூர்வீகம், அந்த ஊர்ப் பெயர்தான் எங்கள் வாயில் பாபட்டன் ஆகியிருக்கிறது. சூட்டுநாட்டுக்காரன் என்றதும் ஆசை மறுபடி எழும்பியது. கன்று 450 ரூபா, எட்டு வாங்கினேன், 3,600.

இந்தமுறை பாத்தி வேண்டாம், தண்ணீரும் அளவோடு என்று கவனமாக இருந்தேன். ஆனால் சோளகத்தில் ஆடக் கூடாது என்று நினைத்து, கொஞ்சம் ஆழமாகக் கிண்டி, இலைக்காம்பு தொடங்குகிற இடம் வரைக்கும் மண்ணை அணைத்து அமுக்கி நட்டேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண் அணைக்கிற கை எங்கள் கை. இரண்டு கிழமையில் நடுக்குருத்து கறுத்தது. வெளி இலைகள் பச்சையாக இருக்கும், நடுவில் இருந்து வருகிற குட்டி இலை மட்டும் பிடித்தால் கையோடு வரும், அடி கொழகொழவென்று இருக்கும். ஐந்து கன்று அப்படியே போனது. பாபட்டனுக்குக் குருத்து மண்ணுக்கு மேலே, வெளிச்சத்தில் தெரிய வேண்டும். அதற்குள் மண்ணோ தண்ணீரோ தங்கினால் முடிந்தது கதை. நடும்போது அரை அங்குலம் உயர்த்தியே நடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கும், கன்றும் சேர்ந்து இறங்கும். தண்ணீரையும் தலையில் ஊற்றாமல் ஓரத்தால் விடுங்கள், அதுவும் காலையில். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராவது அன்றைக்குக் கடையில் சொல்லியிருந்தால் 2,250 ரூபா தப்பியிருக்கும்.

மிஞ்சிய மூன்றும் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. புதிதாக வருகிற இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, யாரோ பச்சைப் பேனையால் கோடு கீறின மாதிரி. உரம் காணாது என்று நினைத்து யூரியா கரைத்து விட்டேன். இன்னும் மோசம். அந்த நேரம் பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தைப் பார்க்க விவசாய போதனாசிரியர் ஒருவர் வந்திருந்தா, என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். கன்றைத் தொட முதல் என்னைப் பார்த்து, "ரீச்சர், உங்கட கேத்தலைக் காட்டுங்கோ" என்றா. எனக்கு விளங்கவில்லை. அடுப்படியில் இருந்து எடுத்துக் காட்டினேன். உள்ளே வழக்கமான வெள்ளைப் படை, நகத்தால் சுரண்டினால் ஓடு மாதிரிக் கழரும். "உந்தத் தண்ணியைத்தானே இதுக்கும் விடுறியள்? கேத்தலில படியிறதுதான் இந்த மண்ணிலயும் படியுது" என்றா. எங்கள் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் கிடந்துதான் வருகிறது. ஜெர்பராவுக்குக் கொஞ்சம் புளிப்புச் சாய்ந்த மண் வேண்டும், காரத்தன்மைக் கணக்கில் (பிஎச்) ஐந்தரையில் இருந்து ஆறரைக்குள். என் கிணற்றுத் தண்ணீரைப் பழைய பாடசாலை ஆய்வுகூடத் தாளில் தொட்டுப் பார்த்தோம், எட்டுக்குக் கிட்ட. காரம் கூடின மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது, அதனால்தான் இளம் இலை வெளிறுகிறது. ஒரு கணக்கு ஞாபகத்தில் வையுங்கள்: கீழ்ப் பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, மேல் இளம் இலை நரம்பு தெரிய மஞ்சளானால் பெரும்பாலும் இரும்பு.

இரும்பு வாங்கப் போனதிலும் ஒரு தோல்வி. கடையில் இருந்த மலிவான செலேற்று இரும்பு 1,200 ரூபா. இரண்டு கிழமை கரைத்து விட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதில் இரும்பைப் பிடித்து வைத்திருந்த பொருள் ஈடிடிஏ. காரம் ஆறரைக்கு மேல் போனால் அந்தப் பிடி இரும்பைக் கைவிட்டுவிடும். சுண்ணாம்பு மண்ணுக்கு ஈடிடிஎச்ஏ என்று போட்டதுதான் வேண்டுமாம். கடும் சிவப்பு நிறம், தண்ணீரில் கரைத்தால் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். கொழும்பில் இருந்து எடுப்பித்தேன், 2,800. பக்கெற்றின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள். கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் இரும்பு ஊற்றிக்கொண்டே இருப்பது தலைவலிக்கு மாத்திரை மாதிரி. தண்ணீரை மாற்றினால்தான் நோய் போகும். மாரி தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது. முன்கூரைக்குப் பீலி பூட்டி, 200 லீற்றர் நீலப் பீப்பா இரண்டு வாங்கி வைத்தேன், பீலி, குழாய் எல்லாம் சேர்த்து 8,850. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். என் முன்கூரை 12 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 120 லீற்றர். அதாவது நாலு நடுத்தர மழைக்கு இரண்டு பீப்பாவும் நிறைந்து வழியும். இந்தக் கணக்கைப் பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் கரும்பலகையில் போட்டிருப்பேன்! என் வீட்டுக் கூரைக்கு ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. மூன்று சாடிக்குக் கோடை முழுக்கக் கொடுக்க அந்த 400 லீற்றர் போதாது. ஒரு நாள் மழைத்தண்ணீர், ஒரு நாள் கிணற்றுத் தண்ணீர் என்று மாறி மாறி விட்டாலே நல்ல வித்தியாசம் தெரிந்தது. மூடி இறுக்கி நுளம்பு வலை கட்ட மறக்காதீர்கள். டெய்சி வளர்க்கப் போய் டெங்கு வளர்த்தால் ஊர் ஏசும்.

மண்ணையும் மாற்றினேன். பத்து மண்சாடி, ஒன்று 600, மொத்தம் 6,000. பிளாஸ்ரிக் சாடி மலிவுதான், ஆனால் வெயிலில் உள்ளே வேகும். சாடிக்குள் தும்புச்சோறு, பழைய கூட்டெரு, கொஞ்சம் செம்மண், கீழே ஓட்டுத்துண்டு, 1,900. தும்புச்சோற்றை அப்படியே போடக் கூடாது. வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் வரும், உப்பும் அதோடு வரும். சாயம் வெளிறும் வரை மூன்று நாலு தரம் கழுவ வேண்டும். சாடிகளை வேம்பின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்தினேன், பத்தரை மணி வரை வெயில், பிறகு நிழல். சோளகப் பக்கத்துக்குப் பச்சை நிழல் வலை, கம்பு, கூலி எல்லாமாக 4,750.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கால் புயல் மழை. யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம், எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். இரவோடு இரவாக ஒவ்வொரு சாடியாக விறாந்தைக்கு இழுத்தேன். அடுத்த நாள் முதுகை நிமிர்த்த முடியவில்லை. நிலத்தில் நட்டிருந்தால் அந்த மூன்று நாளோடு எல்லாம் முடிந்திருக்கும். மழை விட்டு ஒன்றரை மாதத்தில், தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, முதல் பாபட்டன் விரிந்தது. பென்சில் பெட்டியில் இருந்து அடிமட்டத்தை எடுத்து வந்து அளந்தேன், ஒன்பதரைச் சென்ரிமீற்றர். இலைகள் கரும்பச்சை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுக்கு மணமில்லை என்ன?" என்றா. இல்லைத்தான்.

வெள்ளை டெய்சி ஆசையும் விடவில்லை. அதற்கு ஒரு சமரசம் கண்டேன். மழை ஓய்ந்த டிசம்பர் நடுப்பகுதியில், நுவரெலியாவில் படிப்பிக்கிற ஒரு பழைய மாணவி மூலம் மொட்டு வைத்த கன்று நாலு பஸ்ஸில் எடுப்பித்தேன், பஸ் கூலி 500 ரூபாவோடு 1,900. இவை இங்கே குடியிருக்கப் போவதில்லை, விருந்தாளி என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். சாடியில், வாடைக்காற்றுக் குளிரில், ஜனவரியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை ஐந்து கிழமை பூத்தன. வாடின பூவைக் கீழே முதல் இலை வரை வெட்டிவிட வெட்டிவிட அடுத்த மொட்டு வந்தது. பங்குனி வெயிலோடு ஒவ்வொன்றாகப் போயின, இந்தமுறை நான் அழவில்லை. மகனுக்கு அந்தப் பூவைக் காட்டியபோது ஜூன் மாதம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவன் யன்னலுக்கு வெளியே கைபேசியைத் திருப்பி அவன் பாத்தியைக் காட்டினான். ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெண்பனி.

போன வருடம் வெள்ளைக் கன்று எடுப்பிக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட வருடம் அது. மலை சரிந்து சனம் வீடு வாசல் இழந்து நிற்கும்போது அந்தப் பிள்ளையிடம் பூங்கன்று கேட்க வாய் வரவில்லை. அவ பத்திரமாக இருக்கிறாவா என்று கேட்டதோடு விட்டேன்.

பாபட்டனைப் பற்றி இன்னும் இரண்டொன்று. பூவைக் கத்தியால் வெட்டாதீர்கள், மிஞ்சுகிற அடித்தண்டு அழுகிக் குருத்துக்கு இறங்கும். தண்டை அடியில் பிடித்துச் சற்றுத் திருகி இழுத்தால் அப்படியே கழன்று வரும். குவளையில் வைக்கும்போது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தண்ணீர் போதும், நிறைய ஊற்றினால் தண்டு கொழகொழத்துப் போகும். இலையில் வெள்ளைக் கோடு கீறின மாதிரிப் பாதை தெரிந்தால் உள்ளே புழு ஓடுகிறது, அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள், நான் மருந்து அடிப்பதில்லை. ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் வரை பூ குறையும். அந்த நேரம் உரம் போட்டு வருத்தாமல் உயிரோடு வைத்திருந்தால் சரி.

கொப்பிக் கணக்கையும் முடித்து விடுகிறேன். 44,300 இல் முற்றாக வீணாய்ப் போனது, செத்த ஐந்து பாபட்டனையும் சேர்த்து, 16,750. பீப்பாவும் பீலியும் சாடியும் வலையும் இன்னும் நிற்கின்றன, அவற்றை நட்டம் என்று எழுதவில்லை.

இந்த மாசியில் பெரிய சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு குருத்து நாலாகப் பெருகியிருந்தது. கத்தியால் வேரோடு பிரித்து, ஒன்றை மாமிக்குக் கொடுத்தேன். குருத்தை மூடக் கூடாது, தலையில் தண்ணீர் விடக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி, கையில் தொட்டும் காட்டினேன். "ஓமோம், விளங்குது" என்றா. மூன்றாம் நாள் பால் வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். மிளகாய்க்கு அணைக்கிற மாதிரிக் கழுத்து வரை மண் அணைத்து, மேலே கைநிறையப் பச்சைச் சாணமும் வைத்திருக்கிறா. "காத்துக்கு ஆடாமல் நிக்கட்டும் எண்டுதான் ரீச்சர்" என்றா. பால் போத்தலைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குந்தி இருந்து விரலால் மண்ணைக் கிளறி எடுக்கத் தொடங்கினேன்.